காருக்கு மூலப்பத்திரம்

தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி. பக்கத்துல உக்காந்துட்டு அடுத்தவங்க போனை எட்டிப் பாக்கறது மரியாதை இல்லைதான். ஆனா நீங்க தாராபுரத்துல ஏறினதுல இருந்து காராத் தள்ளித் தள்ளிப் பாத்துட்டு வர்றீங்க. பழைய காருங்களா? வாங்கற ரோசனையா?

எங்க, அதுல என்ன போட்டிருக்கறான்? ‘ஒரே ஓனர், டாக்டர் ஓட்டினது.’ ஹூம். விக்கறதுக்கு வர்ற பழைய காரு அத்தனையும் டாக்டர் ஓட்டினதுதானுங்க. நம்மூரு டாக்டருக ஒருத்தரும் வைத்தியம் பாக்காம காரே ஓட்டிட்டு இருந்தாங்க போல. டாக்டர் இல்லாட்டி டீச்சரம்மா ஓட்டினது, கோயிலுக்கு மட்டும் போயிட்டு வந்தது. மீட்டரு தொண்ணூறாயிரம் காட்டுதே, அந்தக் கோயில் காசியிலயா இருக்குதுன்னு எவனாச்சும் கேக்கறானா? கேக்க மாட்டான். சீட்டு உறை புதுசா இருந்தாப் போதும், பல்லைக் காட்டிட்டுக் கையெழுத்துப் போட்டிருவான்.

கோவிச்சுக்காதீங்க. உங்களாட்டப் படிச்சவங்கதான் நெம்ப ஏமாறறது. படிக்காதவன் நாலு பேரைக் கேப்பான். படிச்சவன் போனைக் கேப்பான்.

நான் ஆருன்னு சொல்லலை பாருங்க. நாச்சிமுத்து. டாக்குமெண்ட் ரைட்டர். பத்திர ஆபீசுக்கு எதுத்தாப்பல ஜெராக்ஸ் கடைய ஒட்டி ஒரு ரூம்பு, முப்பத்தொரு வருசமா அதுலதான் உக்காந்திருக்கறேன். நான் எழுதின பத்திரம் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, கோர்ட்டுப் படி ஏறினதில்லைங்க. மத்தவனுக எழுதினதெல்லாம் அங்கயே குடியிருக்குது. மூலப்பத்திரம் பாக்காம, வில்லங்கம் போட்டுப் பாக்காம, வாரிசு அத்தனை பேரையும் கூட்டியாந்து நிறுத்தாம நான் பேனாவைத் தொட மாட்டேன்.

நெலத்துக்கு அப்பிடின்னா காருக்கும் அப்பிடித்தானுங்களே? நெலமாச்சும் இருந்த எடத்துல இருக்கும். காரு ஊரு ஊராச் சுத்துன சாமானம். அதைத்தான் நெம்பப் பாக்கோணும். இதைச் சொன்னா என்ற பையன் சிரிக்கறான்.

என்ற பையன் பூபதி. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மேனேஜர். ஒரே பையன்தான். புத்தி அவங்கம்மா மாதிரி, ஆரு என்ன சொன்னாலும் நம்பிக்கறது. போன வைகாசில வந்தான். ‘அப்பா, அம்மாவுக்கு ஒரு காரு பாத்திருக்கறேன்’ன்னான்.

எங்க ஊட்டுக்காரி வசந்தாமணிக்கு ரெண்டு கிட்னியும் சரியில்லைங்க. செவ்வாயும் வெள்ளியும் திருப்பூர் போயி டயாலிசிஸ் பண்ணோணும். இதே பஸ்ஸுதான், இதே ரூட்டுத்தான். போகும்போது நல்லாத்தான் போவா. நாலு மணி நேரம் ரத்தத்தை எடுத்துச் சுத்தம் பண்ணி ஏத்தறாங்கல்ல, திரும்பி வரும்போதுதான் தொவண்டு போயிருவா. சாயங்காலம் கம்பெனி உடற நேரம், பஸ்ஸுல நிக்கத்தான் எடம் கெடைக்கும். ஒடம்புக்கு முடியலைன்னு வாயத் தொறந்து சொன்னா எவனாச்சும் எந்திரிச்சு எடம் குடுப்பான். சொல்ல மாட்டா. கம்பியப் புடிச்சுட்டு நிப்பா. அது அவ கொணம், நான் என்ன பண்றது? கூடப் போலாந்தான். பத்திரத்துக்கு ஆளுக வந்து நிக்கறப்ப ரூம்பைப் பூட்டிட்டுப் போக முடியுங்களா?

டாக்சி வெச்சுக்கலாம்னு பையன் சொன்னான். வேண்டாம்னுட்டனுங்க. எவன் வண்டியோ, என்ன பேப்பரோ, வழியில ஒண்ணு ஆனா ஆரைக் கேக்கறது?

சரி, காருக்கு வர்றேன். அமிர்தவல்லி டீச்சருன்னு நம்ம தாராபுரத்துலயே இருக்கறாங்க. பூபதிக்கு ஆறாவதுல பாடம் எடுத்தவங்க. அவங்க ஊட்டுக்காரர் தெய்வசிகாமணி, மின்வாரியத்துல இருந்தவர், ரெண்டு வருசத்துக்கு முன்னால போயிட்டார். அவர் வாங்கின வெள்ளைக் காரு. டீச்சரும் ஓட்டுவாங்க, ஆனா கண்ணு ஆப்பரேசன் பண்ணினதுக்கு அப்பறம் டவுனுக்குள்ள மட்டுந்தான். வெலையெல்லாம் படிஞ்சு போச்சு.

‘வர்ற வெள்ளிக்கெழமை எடுத்துக்கறேங்கப்பா’ங்கறான். ‘எடுத்துக்கறயா? நான் எதுக்குடா இருக்கறேன்?’ன்னேன். ‘ஆர்சி பாத்துட்டேன், டீச்சர் பேருக்கு மாத்தியாச்சு. லோன் இல்லை. இன்சூரன்ஸ் இருக்குது. இஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் ரெண்டும் ஒத்துப் போச்சு. மெக்கானிக் ஓட்டிப் பாத்துட்டார். இன்னும் என்னங்கப்பா?’ன்னான்.

பாத்தீங்களா? இவ்வளவுதான் அவங்க பாக்கறது. ‘அதெல்லாம் தோலுடா, மூலம் எங்கடா?’ன்னு கேட்டேன்.

அவங்கம்மா அடுப்படியில நின்னுட்டு, ‘டீச்சரு நல்லவங்கதானுங்களே’ன்னா. ‘நல்லவங்கன்னு நம்பி நடுத்தெருவுக்கு வந்தவனுகளைத்தான் நான் தெனமும் பாக்கறேன், பேசாமப் பொட்டாட்டம் இரு’ன்னேன். இருந்துக்கிட்டா. அவகிட்ட ஒரு நல்லது, சொன்னாக் கேட்டுக்குவா. அவங்கப்பன் சின்னய்யனுக்கு ரெண்டேக்கரா இருந்துச்சு. கெணத்துல மூணு பேருக்குப் பாத்தியம், வண்டித் தடத்துக்குச் சண்டை ஓரியாட்டம், நாறிப்போன சொத்து. உன்ற பாகத்தைத் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துருன்னேன். எங்கப்பன் எனக்குன்னு சொன்னதுங்கன்னு ஒரே ஒரு தடவை சொன்னா. சொன்னா என்ன, சொன்னதெல்லாம் பத்திரமாயிருமா? பென்சில்ல குறி போட்டுக் குடுத்தேன், அந்த எடத்துல கையெழுத்துப் போட்டா. முடிஞ்சுது. இன்னைக்கு அதுல பைபாஸ் ரோடு போகுது, மச்சினன் மாடி கட்டிட்டான், அது வேற கதை. அன்னைக்கு அது வில்லங்கச் சொத்துத்தானுங்க.

டீச்சர் ஊட்டுக்குப் போனனுங்க. காபி குடுத்தாங்க. குடிக்கலை. காபிய வாங்கிக் குடிச்சுட்டா அப்பறம் கேள்வி கேக்க வாய் வராது. காரு வாங்கினப்பக் கம்பெனில குடுத்த ஒரிஜினல் பில்லு வேணும்னேன். எட்டு வருசத்துக்கு முந்தின பில்லுங்களேன்னாங்க. நான் எம்பது வருசத்துப் பத்திரம் கேக்கறவன்னேன். பீரோ மேல இருந்த பொட்டிய எறக்கி, ஒரு வாரம் தேடி எடுத்துட்டாங்க. எடுக்க மாட்டாங்கன்னுதான் நெனைச்சேன்.

அப்பறம் வாரிசுச் சான்றிதழ் கேட்டேன். வெச்சிருந்தாங்க. ரெண்டு புள்ளைக. ரெண்டு பேரு சம்மதமும் எழுத்துல வேணும்னேன். பெரிய புள்ளை பல்லடத்துல இருந்து வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போச்சு. சின்னது மஸ்கட்டுல. போன்ல மூஞ்சியக் காட்டி, ‘எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லைங்க அங்கிள், ஆன்ட்டிக்கு வண்டியக் குடுத்துருங்க’ங்குது. ஏனுங்க, மூஞ்சிய ஃபைல்ல வைக்க முடியுங்களா? தூதரகத்துல முத்திரை வெச்சு அனுப்புன்னேன். ஆடி முழுக்க நானே சும்மா உட்டுட்டேன், ஆடில எவன் வண்டி எடுப்பான்? ஆவணி கடைசில முத்திரையோட காயிதம் வந்துச்சு.

இத்தனைக்கும் நடுவுல பூபதி வாரா வாரம் வந்து மொறைக்கறான். ‘அம்மா நின்னுட்டே வர்றாங்கப்பா, காலெல்லாம் வீங்கியிருக்குதுங்கப்பா’ங்கறான். அஞ்சு மாசம் பொறுக்க மாட்டீங்களாடா? பின்னால வாரிசு வந்து வண்டிய நடுரோட்டுல நிறுத்தினா அப்ப எறங்கி ஆரு நிப்பா? அவங்கம்மாதான் நிக்கோணும். அவளுக்காகத்தானுங்க நான் பாத்தது, எனக்கா?

டீச்சர் என்ன பண்ணாங்க தெரியுங்களா? ‘பேப்பர் வேலை ஆகறப்ப ஆகட்டும் பூபதி, அதுவரைக்கும் வண்டிய நீ எடுத்துட்டுப் போ, அம்மா நிக்க வேண்டாம்’னிருக்கறாங்க. எனக்கு அங்கயே பொறி தட்டிருச்சு. பத்திரம் ஆகறதுக்கு முன்னாலயே சாவியக் குடுக்கறவங்க எப்பவும் எதையோ மறைக்கறவங்கதான். சாவிய வாங்கக் கூடாதுன்னுட்டேன்.

அந்தப் பேப்பரை எல்லாம் மறுக்கா ஒரு தடவை கிளறினேன். கெடைச்சுது. தெய்வசிகாமணி பேர்ல இருந்த மொதல் ஆர்சில தாராபுரம் விலாசம் இல்லைங்க. மூலனூருப் பக்கம் ஒரு ஊரு போட்டிருந்துச்சு. குடியிருக்கறது இங்க, வண்டி பதிஞ்சது அங்க. ஒரு ஆம்பளைக்கு ரெண்டு விலாசம்னா என்ன அர்த்தம்? நீங்க சின்ன வயசு, உங்களுக்குத் தெரியாது. என்ற சர்வீசுல ரெண்டு விலாசம் இருந்த பத்திரம் பதினொண்ணு பாத்திருக்கறேன். அதுல ஒம்பதுக்கு ரெண்டாவது விலாசத்துல ஒரு பொம்பளை இருந்தா.

புரட்டாசில ஒரு வெள்ளிக்கெழமை, ரூம்பைப் பூட்டிட்டு நேரா அந்த ஊருக்கே போனனுங்க. ஆமாங்க, அன்னைக்குப் பூட்டினேன். இது விசாரணை, தள்ளிப் போட முடியாதில்ல? விசாரிக்கப் போற எடத்துல நான் போனை அணைச்சு வெச்சிருவேன். பேச்சு நடுவுல மணி அடிச்சா எதிராளி சுதாரிச்சுக்குவான். மொதல்ல டீக்கடை, அப்பறம் ரேசன் கடை, அப்பறம் முடி வெட்டறவர். நயமாத்தான் கேட்டேன். ‘தெய்வசிகாமணிக்கு இந்தப் பக்கம் வேற குடும்பம் ஏதாச்சும் உண்டுங்களா?’ன்னு. ஒருத்தனும் ஒழுங்காப் பதில் சொல்லலை. கிராமத்தானுக, நேராக் கேட்டா மேலயும் கீழயும் பாப்பானுக. கடைசில அவர் தம்பி ஊட்டுக்கே போயிக் கேட்டுட்டேன்.

அந்த ஆளு கட்டில்ல இருந்து எந்திரிச்சு வந்த வேகத்தைப் பாக்கோணும்! ‘எங்கண்ணன் பதிஞ்சது எங்கம்மா ஊட்டு விலாசத்துலய்யா. மொத வண்டி, நம்மூட்டுப் பேர்ல இருக்கட்டும்னு அந்தக் கெழவி ஆசைப்பட்டுச்சு. செத்துப் போனவனைப் பத்திக் கேக்கற கேள்வியாய்யா இது? எந்திரிய்யா!’ன்னுட்டான். அம்மா ஆசைப்பட்டுச்சாமா. அரசாங்கத்துப் பதிவுல அம்மா ஆசைக்கு விலாசம் எழுதற ஆளுகளைப் பாத்திருக்கறீங்களா? எனக்குச் சிரிப்பாப் போச்சுங்க.

திரும்பி வர்ற பஸ்ஸுல போனைப் போட்டேன். பதினாலு கால் வந்திருக்குது.

வசந்தாமணி தாராபுரம் பஸ் ஸ்டாண்டுல எறங்கினதும் உழுந்துட்டாளாமா. திருப்பூர்ல இருந்து நின்னுட்டே வந்தவ. வேர்க்கடலை விக்கற ஒரு பொம்பளை தலைய மடில எடுத்து வெச்சுக்கிட்டு, இவ போனை எடுத்து எனக்கு அடிச்சிருக்குது. அணைச்சிருக்குது. மறுக்கா அடிச்சிருக்குது. அப்பறம் பூபதிக்கு அடிச்சிருக்குது. அவன் அங்கிருந்து வர்றதுக்கு ஒண்ணரை மணி நேரம் ஆகும். அவன் ஆருக்கு அடிச்சான் தெரியுங்களா? டீச்சருக்கு. அந்தம்மா அதே வெள்ளைக் காரை எடுத்துட்டுப் போயி, நாலு பேரைக் கூப்புட்டுத் தூக்கிப் பின் சீட்டுல போட்டு ஆஸ்பத்திரில சேத்தியிருக்குது.

நான் போயிச் சேரும்போது ராத்திரி எட்டு மணி. டீச்சர் கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. என்னையப் பாத்ததும் எந்திரிச்சு வராண்டாவுக்கு வந்தாங்க. அந்த மூலனூர்த் தம்பிக்காரன் அதுக்குள்ள போன் பண்ணிப்போட்டான். சத்தம் போடலைங்க. மெதுவாத்தான் கேட்டாங்க. ‘என்ற ஊட்டுக்காரருக்கு வேற குடும்பம் இருக்குதான்னு தேடிட்டு வந்தீங்களாமா. பாத்துட்டீங்களா? மனசு நெறைஞ்சுதுங்களா? உள்ள போயி உங்க குடும்பத்தைப் பாருங்க.’

அவ்வளவுதான். செருப்பை மாட்டிட்டுப் போயிட்டாங்க. இதுல எதுக்குங்க இத்தனை கோவம்? தப்பு இல்லைன்னா சிரிச்சுட்டுப் போக வேண்டியதுதானே? கோவம் வருதுன்னாலே அதுல ஏதோ இருக்குதுங்க. நான் இன்னைக்கும் சொல்றேன், அதை முழுசா விசாரிக்க உட்டிருந்தா நான் கண்டு புடிச்சிருப்பேன்.

உள்ள போனேன். வசந்தாமணி கண்ணைத் தொறந்து பாத்தா. கையில குளுக்கோஸ் ஏறிட்டிருந்துச்சு, நெத்தியில ஒரு கட்டு. ஒண்ணே ஒண்ணு கேட்டா: ‘காருக்கு மூலம் கெடைச்சுதுங்களா?’

அந்த நெலமையிலயும் அவளுக்கு எத்தனை அக்கறை பாருங்க! முப்பத்தி நாலு வருசம் என்றகூட இருந்தவ, பேப்பரோட மதிப்பு தெரியாமயா போகும்? இன்னும் ஒரு வாரத்துல முடிச்சர்றேன்னேன். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. பாவம், அலுப்பு.

மறுநாளே பூபதி திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். ஆஸ்பத்திரி பக்கம், நல்லதுதான்னு நானும் உட்டுட்டேன். ரெண்டு மாசமாச்சுங்க. எப்ப போன் பண்ணாலும் ‘அம்மா தூங்கறாங்க’ங்கறான். காலையில பண்ணாலும் தூங்கறா, சாயங்காலம் பண்ணாலும் தூங்கறா. இந்த வியாதிக்காரங்க நெம்பத் தூங்குவாங்க போல. வர்றேன்டான்னா, ‘இப்ப வேண்டாங்கப்பா’ங்கறான்.

போன வாரம் ரூம்புல சும்மா உக்காந்திருந்தேன். பழக்கம் பாருங்க, அந்தக் காரு நம்பரைப் போன்ல போட்டுப் பாத்தேன். உங்களுக்கும் சொல்லித் தர்றேன், நம்பரைப் போட்டா எத்தனையாவது ஓனருன்னு காட்டும், பேரை மட்டும் பாதி மறைச்சிருப்பான். டீச்சர் ரெண்டாவது ஓனர்தானுங்களே? அதுல மூணுன்னு காட்டுது. எவனோ ஒரு ஏமாளி வாங்கிட்டான்டான்னு நானே சிரிச்சுக்கிட்டேன். அந்த ஏமாளி ஆருன்னு பாக்கோணும்னு தோணுச்சு. எனக்குத் தெரிஞ்ச புரோக்கர் ஒருத்தர் இருக்கறார், ஷாஜகான் பாய், அவர்கிட்டச் சொல்லி பேரு மாத்தின விண்ணப்பத்துக்கும் ஆர்சிக்கும் நகல் வாங்கினேன். குடுக்கும்போது அந்த மனுசன் என்ற மூஞ்சியப் பாக்கலை. ‘டீ சாப்பிடறீங்களா அண்ணா?’ன்னு கேட்டார். எப்பவும் அப்பிடிக் கேக்கற ஆளில்லை.

இந்தாங்க, நீங்களே பாருங்க. ஓனர் பேரு: வசந்தாமணி. உழுந்து எந்திரிச்சு பத்தாவது நாள் தேதி. என்னைய ஒரு வார்த்தை கேக்கலை. சரி, போகட்டும், பையன் பேச்சு. அதுக்குக் கீழ பாருங்க. மகன், மகள், மனைவின்னு ஒரு கட்டம் இருக்குதில்ல? மனைவின்னு போட்டு என்ற பேருதானே இருக்கோணும்? மகள்னு போட்டிருக்குது. சின்னய்யன்னு போட்டிருக்குது. செத்து இருவத்திரண்டு வருசமான மனுசனுங்க அவரு.

அறுவது வயசுப் பொம்பளைக்கு அப்பன் பேரைப் போட்டு வெச்சிருக்கறான் தம்பி! ஆர்டிஓ ஆபீசுல உக்காந்திருக்கற பசங்க லட்சணம் அப்பிடி. ஒரு கண்ணு கம்ப்யூட்டர்ல, ஒரு கண்ணு போன்ல. ஆதார்ல இருக்கறதைத்தான் அடிச்சேன்னு சொல்றானாமா. அவ ஆதார்ல என்ற பேருதானுங்க இருந்துச்சு, நானே கூட்டிட்டுப் போயி எடுத்துக் குடுத்தது. அதை மாத்தோணும்னா அவளே நேர்ல போகோணும். வரிசையில நிக்கோணும். கைரேகை வைக்கோணும். அவளுக்கு நிக்க முடியாதுங்களே, எப்பிடிப் போயிருப்பா? அப்ப இது ஆபீசுத் தப்புத்தான். வேற என்னவா இருக்கும்? நீங்களே சொல்லுங்க.

அதுக்குத்தான் இப்பத் திருப்பூர் போறேன். திருத்தம் கேட்டு மனு நானே தட்டச்சு பண்ணிக் கொண்டாந்துட்டேன், இந்தப் பையில இருக்குது. வர்றேன்னு பையனுக்குச் சொல்லலை. சொன்னா அவ தூங்கிருவா. கையெழுத்துப் போடற எடத்துல பென்சில்ல பெருக்கல் குறியும் போட்டு வெச்சுட்டேன். ஒரே ஒரு கையெழுத்துத்தானுங்க, ஒரு நிமிசத்து வேலை. முப்பத்தி நாலு வருசமா நான் குறி போட்ட எடத்துல எல்லாம் போட்டவ, இதுலயும் போடுவா.

என்ன தம்பி, அந்தக் காயிதத்தையே பாத்துட்டு இருக்கறீங்க? பழைய பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு, குடுங்க. நீங்க வாங்கும்போது மறக்காம எல்லாத்தையும் பாருங்க. இந்த நகலை நான் ஒரு வாரமா ராத்திரியும் பகலும் பாக்கறேன். தேதி சரி. முத்திரை சரி. கையெழுத்தும் அவளுதுதான், நடுங்காம, கட்டத்துக்குள்ள, நேராப் போட்டிருக்கறா. ஒண்ணுதான் எனக்கு வெளங்கலை. லென்ஸ் வெச்சுக்கூடப் பாத்துட்டேன், பென்சில் குறியக் காணோம். எந்த எடத்துல போடோணும்னு அவளுக்கு ஆருங்க சொல்லியிருப்பாங்க?